கடல் பக்கத்துச் சன்னல்

எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் போதும், யாராவது அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்கள். "சோறு போட்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டுப் போனாளே ஒருத்தி, மெட்ராசு வீட்டுல" என்று ஆரம்பிப்பார் ஒருவர். "அவ முழியைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்பார் இன்னொருவர். அந்த இன்னொருவர் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. போன மாதம் ஒரு காதுகுத்தில் என் தம்பி மகள் இதே கதையைக் கை கால் வைத்துச் சொல்கிறாள். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. கேட்டுக்கொண்டு பாயசம் குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயரை எங்கள் பக்கத்து ஏலக்காய் ஊரான போடியின் தெருக்களில் இழுத்துப் போட்டு மிதித்தது போதும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நெட்டையான உடம்பு, ஏலக்காய் பொறுக்கிப் பொறுக்கிப் பச்சை ஏறிய விரல் நுனிகள், தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல்.

அக்காவிடம் ஒரு குணம் இருந்தது. எதையும் முகத்துக்கு நேரே சொல்லுவார். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி அக்கா பேசி நான் கேட்டதில்லை. "ஆளு வரட்டும், அவர்ட்டயே கேட்டுக்கிறேன்" என்பார். சொன்னபடி ஆள் வந்ததும் கேட்டும்விடுவார். சண்டை முடிந்தது என்றால், மலையில் பழகிய மலையாளத்தில் "மதி" என்று ஒரு வார்த்தை, போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை எடுக்கவே மாட்டார்.

அக்கா எங்கள் பெரியப்பாவின் ஏலத்தோட்டத்தில் இருந்தவர். பெரியப்பாவும் என் அப்பாவும் ராசிங்காபுரத்தில் கடலை விதைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். பெரியப்பா மலையேறினார், காய் விலை ஏறியது, அவரும் ஏறினார். அப்பா கீழேயே நின்றுவிட்டார். என் படிப்புச் செலவு பெரியப்பாவுடையது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் செய்ததற்கெல்லாம் இதைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏலக்காய் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்க்குப் பகை ஈரம். பறித்த காயை ஸ்டோரில் போட்டு, விறகு எரித்து, சூட்டில் உலர்த்தி எடுப்பார்கள். உலர்ந்த காய் மறுபடி ஈரம் குடித்தால் பச்சை போய் வெளுத்துவிடும், பூசணம் பிடிக்கும், விலை போகாது. அக்கா ஒரு கை காயை அள்ளிக் காதுக்குப் பக்கத்தில் குலுக்குவார். சலசல என்று சத்தம் வந்தால் சரி. சத்தம் மந்தமாக இருந்தால், "இன்னும் ரெண்டு மணி நேரம் சூடு குடுங்க" என்பார். பெரியப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். அந்தக் காதை அவ்வளவு நம்பினார்.

அந்தத் தோட்டத்து ஸ்டோருக்குப் பெரியப்பா ஒரு வருஷம் புதுத் தகரம் போட்டார். ஜீப்பில் தகரம் வந்து இறங்குகிறது. ஆட்கள் குடியிருந்த லயம் அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு அறையில் எட்டுப் பேர், ஒழுகாத மூலையில் முறை வைத்துத் தூங்கினார்கள். அக்கா நேரே போய் ஜீப்புக்கு முன்னால் நின்றார்.

"மொதலாளி, காய்க்குத் தகரம் வந்துருச்சு. ஆளுக்கு எப்ப வரும்?"

"ஆகட்டும், பாப்போம்" என்றார் பெரியப்பா.

"போன வருசமும் ஆகட்டும்னுதான சொன்னீக?"

"அதான் ஆகட்டுங்கிறேன்ல."

பெரியப்பாவின் குணம் அது. யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. ஆகட்டும் என்பார், அதோடு சரி. ஊரில் அவரைத் தங்கமான மனுஷர் என்பதற்குக் காரணம் இந்த ஒரு வார்த்தைதான்.

பிறகு அக்கா போடியில் பெரியப்பாவின் கடைக் களத்தில் காய் பொறுக்க வந்தார். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது பெண்கள் எல்லோரும் வாசலில் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். மடியில் காய் இல்லை என்பதற்கு அது சாட்சி. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உதறுவார்கள். அக்கா மட்டும் கணக்குப்பிள்ளையின் மூக்குக்கு நேரே படாரென்று உதறி, "நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கு மொதலாளி போகையில அவரு வேட்டியையும் உதறச் சொல்லுங்க" என்பார். பெரியப்பா உள்ளே உட்கார்ந்து சிரிப்பார். அவ்வளவு வாய் பேசியும் அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஏனென்றால் அக்காவின் மடியில் ஒரு காய்கூட ஒருநாளும் இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மெட்ராசு வீட்டுக்கு வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் போடியில் காய்க்காரர்களுக்கு ஒரு ஆசை பிடித்தது. ஒருவர் மெட்ராசில் வீடு கட்டினார் என்றதும் எல்லோருக்கும் அது வேண்டும். அடையாறு தாண்டிக் கடலோரத்தில் புதிதாக மனை போட்டிருந்தார்கள். பெரியப்பா கடலைப் பார்த்த மனையாக வாங்கி, மொசைக் தரையும் தேக்குக் கதவுமாக மாடி வீடு கட்டினார். ஏழு அறைகள். குடும்பம் அங்கே இருந்தது வருஷத்தில் பதினைந்து நாள். மற்ற நாளெல்லாம் பூட்டு.

அங்கே அவர் செய்த காரியத்தை ஏலக்காய்க்காரரைத் தவிர உலகத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். விலை ஏறட்டும் என்று கட்டிவைத்த முதல் தரக் காய் மூட்டைகளைக் கொண்டுபோய் அந்த வீட்டு மாடியில், கடல் பக்கத்து அறையில் அடுக்கினார். போடியில் வைத்தால் ஊர்க் கண் படுமாம். வடநாட்டு வியாபாரி மெட்ராசுக்கு வந்தால் அங்கேயே காட்டிவிடலாமாம். தெருவில் உள்ளவர்களெல்லாம் கடல் காற்றுக்காக வீடு கட்டியிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் கடல் பக்கத்துச் சன்னல் அத்தனையும் சாத்தி, இடுக்கெல்லாம் பத்திரிகைத்தாளைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. நகர்ச் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் வந்து, "வீட்டில் ஏதாவது துக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஏலக்காய் மணம் தெருவெல்லாம் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் நாங்கள் தினமும் பாயசம் வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காயைக் காக்கத்தான் அக்காவைக் கூட்டிப் போனார்கள். "கடலோரத்துல கொண்டுபோயிக் காயை வைப்பாங்களா? ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா மொதலாளி?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா கிளம்பினார். போனால் போடியில் மலையடிவாரத்தில் நாலு சென்ட் இடமும் ஒரு ஓட்டு வீடும் தருவதாகப் பேச்சு. அக்காவின் புருஷன் செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் வயதுக்கு வந்திருந்தாள். மெட்ராசுக்குப் போனதும் லயத்தில் அதுவரை அவர் பேரிலேயே இருந்த அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மகளை ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டு, அங்கிருந்தே ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்தார். நாலு சென்ட் பற்றிப் பெரியப்பா ஒவ்வொரு தடவையும் ஆகட்டும் என்றுகொண்டிருந்தார்.

நான் எழுபத்தேழில் கல்லூரியில் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனேன். எனக்கு மாடியில் ஒரு அறை. அக்காவுக்கு மாடிப்படிக்கு அடியில் இருந்த இடம். அதைப் பெரியம்மா காட்டிய அன்றே அக்கா சொன்னாராம்: "நிமுந்தாத் தலை இடிக்குதே. குட்டையான ஆளு வேணும்னு சொல்லியிருந்தா வேற ஆளை அனுப்பியிருப்பேன்ல." பெரியம்மா முகம் சிவந்துவிட்டது. ஆனால் இடம் மாறவில்லை.

அந்த வீட்டில் அக்காவுக்கு ஒரு கோபம் நிரந்தரமாக இருந்தது. விடிந்ததும் ஏழு அறைகளையும் கூட்டித் துடைப்பார். மாடி அறையில் கணப்புச் சட்டியில் கரி போட்டு வைப்பார். மூட்டைகளை அவிழ்த்துக் கிளறிவிட்டு, ஒரு கை எடுத்துக் குலுக்கிக் கேட்பார். அந்த வேலை முடிந்ததும் வாசல் கேட்டுக்கு வந்து நிற்பார். கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்களை நிறுத்துவார்.

"ஐயா, ஒங்க வீட்டுல எத்தனை ரூமு?"

"அஞ்சு. ஏம்மா?"

"எத்தனை பேரு?"

"நானும் சம்சாரமும். பையன்கள் வெளிநாட்டில்."

"ரெண்டு பேருக்கு அஞ்சா?" என்று ஒரு மூச்சு விடுவார். "எங்க லயத்துல எட்டுப் பேருக்கு ஒண்ணு. சரி, போயிட்டு வாங்க."

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். பதின்மூன்றில் ஆள் இல்லை. அக்கா எண்ணிவைத்திருந்தார். "இம்புட்டு வீட்டையும் கட்டிப் போட்டுட்டு எங்கிட்டுத்தான் ஆத்தா போனாக எல்லாரும்?" என்று என்னைக் கேட்பார். எதிர்வீட்டில் நாய்க்கு ஓடு வேய்ந்து ஒரு கூடு கட்டினார்கள். அக்கா போய்க் குனிந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கார அம்மாளிடம், "நல்லாத்தான் கட்டியிருக்கீக. ஒழுகாது. நாயி குடுத்துவச்சது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மாள் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நான் அப்போது விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று நினைத்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அக்காவின் மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எந்தச் சாதியிலும் உள்ள வழக்கம். அம்மா வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அக்காவுக்கு வீடு ஏது? மகளின் மாமியார் ஆள் மூலமாகக் கேட்டு அனுப்பினாள்: "எம்மருமகளைக் கூட்டிட்டுப் போக அவ ஆத்தாளுக்கு ஒரு வாசப்படி இருக்கா, இல்ல ரோட்டுல வச்சுப் பாப்பாளா?"

அக்கா அன்றைக்கும் கணப்புக்குக் கரி போட்டு முடித்தார். அழவில்லை. எழுந்து வந்து, "பாப்பா, போடிக்கு ஒரு ட்ரங்கால் போடு" என்றார்.

நான்தான் பதிவு செய்தேன். ஒரு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

"மொதலாளி, நாலு சென்டு எப்பக் குடுப்பீகளோ குடுங்க. எம்மகளுக்குத் தலைப்பிரசவம். நான் இருக்குற எடந்தான் அவளுக்குத் தாய்வீடு. இங்க கூட்டியாந்து கீழ் ரூமு ஒண்ணுல வச்சுக்கிறேன். சொல்லாமச் செஞ்சேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

பெரியப்பா போனில் பேசினால் அந்த முனையில் கத்துவது இந்த முனையில் கூடத்துக்கே கேட்கும். "ஆகட்டும் ஆகட்டும், கூட்டியாந்து வச்சுக்க. காயைப் பாத்துக்க, அடைமழை வருது" என்றார். என் காதால் கேட்டேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டேன்.

புரட்டாசியில் மகள் வந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. கீழே கிழக்குப் பக்கம், விருந்தாளிகளுக்கென்று கட்டில் போட்டு ஒரு விருந்தாளியும் படுக்காத அறை. அதில் தாயும் பிள்ளையும் படுத்தார்கள். கட்டில் விரிப்பைக்கூட அக்கா மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத் தன் பழைய சேலையைத்தான் விரித்தார். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு சத்தம் கேட்டது. எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை. கல்லூரி விட்டு ஓடிவருவேன். அக்கா பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே, "ஏழு ரூமு, நாலு பேரு. இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்பார்.

பதினெட்டாம் நாள் பெரியப்பாவும் பெரியம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். அவர்கள் மகனுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் மறுநாள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பெரியம்மா கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"தீட்டு வீடா ஆக்கி வச்சிருக்காளே பாவி! நாளைக்கு மனுசங்க வர்றாக, பிரசவத் தீட்டைப் புது வீட்டுல கொண்டாந்து கொட்டிருக்காளே!"

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தாம்மா வச்சேன்" என்றார் அக்கா.

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். "ஏங்கிட்ட எங்க சொன்ன?" என்றார்.

அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஒரு பெரிய மனுஷர், நெற்றியில் விபூதி, விரலில் மோதிரம். ஒரு வார்த்தை ஆமாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் மாடிப்படியில் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தேன். "பாப்பா, நீதான ட்ரங்கால் போட்டுக் குடுத்த. மொதலாளி ஆகட்டும்னு சொன்னாரா இல்லையா? நீ சொல்லு."

பெரியப்பா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் என் கல்லூரி, அவர் வீட்டில் நான் சாப்பிடுகிற சோறு, கீழே கடலைக்காட்டில் நிற்கிற என் அப்பா எல்லாம் இருந்தது.

"எனக்குச் சரியாக் கேக்கலக்கா" என்றேன்.

அக்கா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிறகு பெரியப்பாவிடம் பேசினார். குரல் உயரவே இல்லை, அதுதான் புதிதாக இருந்தது.

"ஒங்க காய்க்கு ஒரு ரூமு. அதுக்குக் கணப்பு, அதுக்குக் காவலு. நாளுக்கு நாலு தடவை ஏறி எறங்கி அதுக்குக் குளுருதா, வேக்குதான்னு பாக்குறேன். பொறந்து பதினெட்டு நாளான பச்சப்புள்ள ஒங்க வீட்டுல மூச்சு விட்டாத் தீட்டாப் போச்சா?"

"இந்தா, பின்னால கார் ஷெட்டு சும்மாத்தான கெடக்கு, அங்க வச்சிருக்கலாம்ல?" என்றார் பெரியப்பா, சமாதானமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"நீங்க ஒங்க காயை ஷெட்டுல வைப்பீகளா மொதலாளி?"

பெரியம்மா தீட்டுக் கழிக்க ஐயரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. நாலு சென்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மகள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அக்கா அப்போதும் மாடிக்குப் போனார். மூட்டைகளை ஒருமுறை கிளறி வாயைக் கட்டினார். சன்னல் கொண்டி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். உரிந்திருந்த ஒரு தாளைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார். கீழே வந்து சாவியைப் பெரியம்மா கையில் வைத்தார்.

"கணப்புக்கு ஆளு வைங்க. ஐப்பசி மழை. கடல் பக்கத்துச் சன்னலை மட்டும் தெறந்துறாதீக." பிறகு, "மதி" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார்.

பெண் வீட்டார் வந்து பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, வீட்டைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா வாசலுக்கு ஒரு காவல்காரனைப் போட்டார். மாடிச் சாவியை என்னிடம் கொடுத்து, "போடியிலருந்து ஆளு அனுப்புற வரைக்கும் நீ கணப்புப் போடு ஆத்தா. நீதான் வீட்டுப் பொண்ணு" என்றார். மறுநாள் போய்விட்டார்கள்.

அந்தப் பகல் நான் கல்லூரிக்குப் போகவில்லை. மத்தியானம் மேலே போனேன். அறையில் காய் மணம் மூக்கை அடைத்தது. மூட்டைகள் சுவரோரம் வரிசையாக, கொழுத்த விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருந்தன. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. ஒட்டிய தாளையெல்லாம் கிழித்தேன். கொண்டியைத் தட்டித் தட்டி, கடல் பக்கத்துச் சன்னல் நாலையும் விரியத் திறந்தேன். அக்கா கட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மூட்டை வாய்களை விரித்துவிட்டேன். அன்று ஆரம்பித்த மழை பன்னிரண்டு நாள் விடாமல் பெய்தது. கணப்புச் சட்டியை நான் தொடவில்லை.

ஆமாம், நான்தான். கேட்டுக்கொள்ளுங்கள், வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களே. வீட்டுப் பொண்ணுதான் திறந்தது.

ஏதோ வீரம் செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு. பெரியப்பாவுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அவர் கார்த்திகையில் ஆள் கூட்டிக்கொண்டு வருவதாகக் கடிதம் போட்டதும் என் வீரமெல்லாம் கரைந்தது. ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினேன், மூட்டைகளைக் கட்டினேன், தரையைத் துடைத்தேன். பெரியப்பா மேலே போய் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டார். காய் வெளுத்து, பொதபொதவென்று, வெள்ளை பூத்து வந்தது. குலுக்கினார். சத்தமே இல்லை.

"கணப்புப் போட்டியா?"

"போட்டேன் பெரியப்பா."

கிழிந்து தொங்கிய தாளை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப அவதான். போறப்பக் கிழிச்சு, தெறந்து விட்டுட்டுப் போயிருக்கா, நீ மேல போயிப் பாக்குறதுக்குள்ள ஈரம் ஏறிருச்சு. ரெண்டகக்காரி" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமோ அதை அவர் எடுத்துக்கொண்டார்.

போடி சின்ன ஊர். ஒரு கடையில் சொன்னால் ஒன்பது கடையில் கேட்கும். காய் பொறுக்குகிற வேலைக்கு நம்பிக்கைதான் முதல். அக்காவை ஒரு களத்திலும் சேர்க்கவில்லை. மலையில் எந்த ஸ்டோரிலும் ஏற்றவில்லை. பெரியப்பாவுக்கு அந்தக் காய் போனதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடுத்த வருஷமே மெட்ராசு வீட்டில் இன்னொரு மாடி எழுப்பினார்.

ஏழு வருஷம் கழித்து அக்காவைப் பார்த்தேன். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது. பெரியப்பாவின் காசு எனக்கு இனி ஒரு பைசாவும் வேண்டியதில்லை. ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போடி பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டிக்காக நின்றேன். தேவாரம் என்ற ஊர்ப் பக்கம் களை எடுக்கப் போய்த் திரும்பிய பெண்கள் ஒரு லோடு ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். அதில் நெட்டையாக ஒரு உருவம், தோளில் துண்டு. என்னைக் கண்டதும் நேரே வந்தார்.

"நல்லாருக்கியா பாப்பா?"

"நல்லாருக்கேன்க்கா. நீங்க எங்க இருக்கீங்க?"

"ராசிங்காபுரத்துல ஒரு தோட்டத்து மோட்டார் ரூமுல. ஒரு ரூமு, நாலு பேரு. பரவால்ல." கையில் மண் அப்பியிருந்தது. விரல் நுனியில் பச்சை போய்விட்டது. "சன்னலைத் தெறந்தது நீதான?" என்றார்.

நான் மதுரை வண்டி வருகிற பக்கம் பார்த்தேன்.

"நான் அடைச்ச சன்னலு தானாத் தெறக்காது. வீட்டுல மிச்சம் இருந்தது நீ ஒருத்தி. கேள்விப்பட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"உங்களுக்காகத்தான்க்கா செஞ்சேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு."

"எனக்காகவா?" அக்காவின் குரல் ஏறியது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஆத்திரம் வந்தா அவரு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதான? படியில நின்னியே, அப்ப வாய் எங்க போச்சு? காயி என்ன ஆத்தா பாவம் பண்ணுச்சு? எப்பேர்ப்பட்ட காயி! புள்ளையப் பாத்த மாதிரி பாத்தேன் அதை. அதையும் அழிச்சு, எம்பேரையும் அழிச்சுட்டு, எனக்காகன்னு சொல்ற!"

"தப்புத்தான்க்கா."

"ஏங்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? மொதலாளி இந்நேரம் கடையிலதான் உக்காந்திருக்காரு. இந்தா, ரோட்டைத் தாண்டுனா கடை. வா, ரெண்டு பேரும் போவோம். 'நான்தான் தெறந்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. நாலு சென்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எம்பேத்தி பள்ளிக்கூடம் போறா. 'ரெண்டகக்காரி பேத்தி'ன்னு கூடப் படிக்கிற புள்ளைககூடச் சொல்லுதுக. பத்து நிமிசச் சோலி. வா."

அக்கா என் கையைப் பிடித்தார். அந்தக் கடை நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைகூடத் தெரிந்தது. மதுரை வண்டி உறுமிக்கொண்டு உள்ளே திரும்பியது.

"பஸ் வந்துருச்சேக்கா" என்றேன்.

அக்கா கையை விட்டுவிட்டார். கூட்டம் வண்டியை மொய்த்தது. என்னால் கிட்டப் போக முடியவில்லை. அக்கா தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார். அந்த நெட்டைக் கையை நீட்டி, ஒரு சன்னல் வழியாகத் துண்டை உள்ளே எறிந்து எனக்கு இடம் பிடித்தார். "போ, ஏறு. ஒனக்கு எடம் கெடைக்கணும், அவ்வளவுதான? ஏறு வெரசா!" என்று திட்டினார்.

ஏறிப் போய் அந்தத் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வெளியே நீட்டினேன். பிடுங்கிக்கொண்டார். வண்டி நகரும்போது தூறல் போட ஆரம்பித்தது.

"சன்னலைச் சாத்து, நனையப் போற" என்றார். பிறகு, "மதி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் சன்னலைச் சாத்திக்கொண்டேன். பெரியப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அவரைப் பார்க்கப் போயிருக்கிறேன்.